பிள்ளை என்றே சொன்னீர்கள்

அன்பு மகன்,

போன ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சுவாமி உன்னைக் கோயில் வாசலில் நிறுத்தி, திருமண ஆயத்த வகுப்பில் இத்தனை காலமும் அம்மா எடுத்துவந்த பகுதியை இனி நீ எடுக்க வேண்டும் என்று கேட்டபோது, நான் உனக்குப் பின்னால்தான் நின்றேன். என் காது மந்தமாகிவிட்டது உண்மைதான். ஆனால் உன் குரல் எனக்குக் கேட்காமல் போகாது. "சுவாமி, எனக்கு அந்தத் தகுதி இல்லை. வேற ஆரையும் பாருங்கோ" என்றாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் மகள் ஆஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாய்.

நேரில் சொன்னால் நீ "பிறகு கதைப்பம் அம்மா" என்பாய். நானும் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் உன் மனைவி ஷாமினியிடம் அனுமதி கேட்டேன், ஏனென்றால் இது உன் கதை என்பதைவிட அவளுடைய கதை. "எழுதுங்கோ மாமி. ஒளிக்க என்ன இருக்கு? ஆர் வாசிச்சாலும் எனக்குப் பரவாயில்லை. வகுப்புக்கு வாற பிள்ளைகளுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ" என்றாள். ஆகவே இது உனக்கு எழுதும் கடிதம்தான், ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த சிலதையும் மற்றவர்களுக்காகத் திருப்பிச் சொல்ல வேண்டிவரும். பொறுத்துக்கொள்.

கல்யாணம் கட்டப்போகிறவர்கள் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்துக்கு வருவார்கள். ஒரு நாள் சுவாமி பேசுவார், ஒரு நாள் ஒரு டொக்டர் பேசுவார். பிள்ளைகளைப் பற்றியும் கருவில் இருக்கும் உயிரைப் பற்றியும் திருச்சபை என்ன சொல்கிறது என்பதை நான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் கத்தோலிக்க சமயப் பாடம் படிப்பித்தவள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. மனித உயிர் கருவான கணத்திலிருந்தே கடவுளுடையது, குற்றமறியாத ஓர் உயிரை நேரடியாகப் பறிப்பதற்கு எந்த நல்ல நோக்கமும் அனுமதி ஆகாது என்று சொல்வேன். அதை இன்றும் நம்புகிறேன். பிள்ளைகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் பிளேன்ரீயும் பணிசும் கொடுப்போம்.

நீ எங்களை எல்லாம்விட இதை ஆழமாகப் படித்தவன். குருமடத்தில் இருந்த வருஷங்களில் உனக்கு மிகவும் பிடித்த பாடம் தத்துவம்தான். லீவுக்கு வந்தால் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு, ஒரு செயலின் நோக்கம் வேறு, விளைவு வேறு என்று அப்பாவுக்கு விளக்குவாய். அவர் புரிந்ததுபோல் கேட்டுவிட்டு, "இவன் புதுக்கடைக் கோட்டுக்கு வழக்குப் பேசப் போயிருந்தா நல்ல அப்புக்காத்தா வந்திருப்பான்" என்று என்னிடம் சொல்வார். பிறகு ஒரு நாள் உன் புத்தகங்களோடு வீட்டுக்கு வந்து, குருவாகப் போவதில்லை என்று சொன்னாய். ஊர் வாய்க்குப் பயந்து நீ அங்கேயே இருந்துவிடவில்லை என்பதில் உன் அப்பாவுக்குப் பெருமை. சாகும்வரை அதைச் சொன்னார்.

ஷாமினியை நீ கூட்டிவந்தபோது அவள் மெதடிஸ்த பிள்ளை என்பதைப் பற்றிச் சிலர் கதைத்தார்கள். வெள்ளவத்தையில் கணக்குப் படிப்பிக்கிற, மெலிந்த, சிரிக்கும்போது கண்ணைச் சுருக்குகிற பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு காலையில் அவள் காலி வீதியில் உள்ள தன் கோயிலுக்குப் போவாள், நீயும் கூடப் போவாய். மாலைப் பூசைக்கு அவள் உன்னோடு எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு வருவாள். இரண்டு இடத்திலும் கேட்ட பிரசங்கத்தை வைத்து என் குசினியில் நீங்கள் இருவரும் வாதாடுவீர்கள். கடைசியில் மனுசர் கடவுளுக்கு முன்னால் தன் மனச்சாட்சியோடு தனியாகத்தான் நிற்கவேண்டும் என்பாள் அவள். மனச்சாட்சியும் பிழை விடும், அதற்கும் படிப்பிக்க வேண்டும் என்பாய் நீ. அப்போது அது விளையாட்டு மாதிரி இருந்தது. நான் மீன் வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆஷா பிறந்த பிறகு ஷாமினியின் இருதயம் பலவீனமாகிப் போனது. சில தாய்மாருக்குப் பிள்ளைப்பேற்றோடு அப்படி வரும் என்றார்கள். மெல்ல மெல்ல எழுந்து நடமாடினாள், ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இனி ஒரு பிள்ளை வேண்டாம், அவளுடைய உடம்பு தாங்காது என்று டொக்டர் திட்டமாகச் சொல்லிவிட்டார். நீங்கள் இருவரும் கவனமாகத்தான் இருந்தீர்கள். இருந்தும் ஆஷா நேர்சரிக்குப் போகத் தொடங்கிய காலத்தில் அவள் மறுபடி கருவுற்றாள்.

என்னைக் கூப்பிட்டு ஆஷாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வந்தபோது உன் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன். அந்த டொக்டர் நல்ல மனுசி. சிங்களத்தில், ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார். இந்தக் கர்ப்பத்தைத் தொடர்ந்தால் தாய் பிழைப்பது மிகவும் சந்தேகம், தாயின் உயிரைக் காப்பாற்ற நிறுத்துவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, இன்னொரு டொக்டரின் ஒப்புதலையும் எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக, ஷாமினியின் தோளில் கை வைத்து, இது இன்னும் பிள்ளை ஆகவில்லை மகள், அப்படி நினைத்து மனதை வருத்தாதே என்றாராம்.

ஷாமினி அவருக்குச் சொன்ன பதிலை நீ எனக்குச் சொன்னாய். நான் அதை மறக்கவில்லை. "டொக்டர், நீங்க எனக்கு லேசாக்கத்தான் அப்பிடிச் சொல்லுறீங்க. ஆனா அது பிள்ளைதான். ஆஷாவும் இப்பிடித்தான் இருந்தவ. பிள்ளை இல்லை எண்டு சொல்லி நான் ஒரு முடிவும் எடுக்கமாட்டன்." இதைச் சொன்னவள், தான் வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டவள். வாழ்வதற்கு மிகச் சுலபமான வழியை ஒருவர் அன்போடு நீட்டும்போது, அதில் ஒரு பொய் கலந்திருக்கிறது என்று தள்ளிவைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதற்கடுத்த நாட்களில் நான் உங்கள் வீட்டிலேயே தங்கினேன். நீ பழைய புத்தகங்களை எடுத்தாய். ஏதாவது ஒரு வழியை நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். நான் சாப்பாடு கொண்டுவந்து வைக்கும்போது, மனதில் ஓடுவதை எனக்கும் விளக்குவாய். கர்ப்பப்பையில் புற்றுநோய் இருந்தால் அதை எடுக்கலாம், அதனால் பிள்ளை இறந்தாலும் அது கொலை ஆகாது, ஏனென்றால் வைத்தியம் நோயை நோக்கித்தான் போகிறது, பிள்ளையின் சாவை யாரும் நாடவில்லை. திருச்சபையின் அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இது. "ஆனா அம்மா, ஷாமினிக்கு வருத்தம் இருதயத்தில. கர்ப்பப்பையில ஒரு பிழையும் இல்லை. இருதயத்தைக் காப்பாத்த நாங்க எடுக்கவேண்டியது பிள்ளையைத்தான். அந்த வாசலால நான் போகேலாது" என்றாய்.

இன்னொரு நாள், பழைய காலத்துக் கிறிஸ்தவ ஆசிரியர்களில் சிலர், கருவுக்குள் ஆன்மா வருவது கொஞ்ச காலம் கழித்துத்தான் என்று எண்ணியிருக்கிறார்கள் என்று சொன்னாய். எனக்கு உடனே மனதில் ஒரு வெளிச்சம். "அப்ப சரிதானே மகன்?" என்று கேட்டேன். நீ சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "இல்லை அம்மா. அவையளும் இதைச் சரியெண்டு சொல்லேல்லை. உடம்பைப் பற்றி அவைக்குத் தெரிஞ்சதும் கொஞ்சம். எனக்கு வேணும் எண்டதுக்காக இண்டைக்கு மட்டும் அவையளை நான் நம்பக்கூடாது" என்றாய். நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் நின்றேன். உன் மனைவி சாகக் கிடக்கிறாள். அவளைக் காப்பாற்றும் ஒவ்வொரு நியாயத்தையும் நீ தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளே பொத்தல் இருந்தால் ஒதுக்கி வைக்கிறாய். அந்த நேரத்தில் எனக்கு உன்மேல் கோபம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நேர்மை அவ்வளவு தேவையா என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம் ஆஷா நித்திரை. ஷாமினி சாப்பாட்டு மேசையில் தலையைக் கையில் தாங்கி இருந்தாள். படியேறி வந்ததில் வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை. நீ எதிரே இருந்தாய். நான் எழும்பிப் போகப் பார்த்தேன். "இருங்கோ மாமி" என்றாள் அவள். பிறகு உன்னைப் பார்த்து, "நீங்க படிச்சது காணும், இனிப் புத்தகத்தை மூடுங்கோ. நீங்க என்ன நினைக்கிறீங்க எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

"நான் நினைக்கிறதை நம்பாதையும்" என்றாய். "நீர் உயிரோட இருக்கவேணும் எண்ட ஆசையில என்ட மூளை எதையும் சரியெண்டு சொல்லும். எனக்கு என்னில நம்பிக்கை இல்லை."

"அப்ப என்ட ஆசை? எனக்கும் வாழத்தான் ஆசை. அது பாவமோ?"

"இல்லை, அது பாவமில்லை" என்றாய் நீ.

"அப்ப எனக்கு எல்லாத்தையும் சொல்லுங்கோ. எனக்கு எதிரா இருக்கிறதையும் சொல்லுங்கோ. குறைக்காம சொல்லுங்கோ" என்றாள்.

நீ சொன்னாய். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவளுக்கு எதிரான பக்கத்தை நீ மிக வலுவாகச் சொன்னாய். தாயும் பிள்ளையும் கடவுளுக்கு முன்னால் ஒரே மதிப்பு. பெரியவர் என்பதற்காகவோ, குடும்பத்துக்குத் தேவை என்பதற்காகவோ ஓர் உயிருக்கு நிறை கூடிவிடாது. அப்படிக் கூடும் என்றால் வயதானவர்களையும் நோயாளிகளையும் யாரும் எடைபோடத் தொடங்கிவிடலாம். கர்ப்பத்தில் இருப்பது தன்னைக் காத்துக்கொள்ள ஒன்றும் செய்ய முடியாத உயிர், அதனால்தான் அதை நாங்கள் காக்கவேண்டும். பிறகு அவளுடைய கோயிலில் எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் சொன்னாய். கருவும் கடவுளின் கொடைதான். ஆனால் உடைந்துபோன இந்த உலகத்தில் சிலவேளை இரண்டு நன்மைகளையும் சேர்த்துக் காக்க முடியாது, அப்போது ஜெபத்தோடு ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் பாரத்தைக் கடவுளின் கிருபையிடம் விடவேண்டும். "அதில எனக்குப் பயம் என்னெண்டா, கிருபையை முதலே எடுத்து வைச்சுக்கொண்டு ஒரு காரியத்தைச் செய்யேலாது" என்றாய்.

"அது சரி. அப்பிடி எடுத்து வைக்கேலாதுதான்" என்று அவளும் ஒத்துக்கொண்டாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு கணக்கு டீச்சரின் குரலில் கேட்டாள்: "நான் செத்தா இந்தப் பிள்ளை பிழைக்குமோ?"

அவளே தொடர்ந்தாள்:

"இல்லை, நீங்க ரெண்டு உயிரையும் சமமா வைச்சுக் கதைக்கிறீங்க. நானும் அப்பிடித்தான் வைக்கிறன். என்ட உயிரைக் குடுத்தா பிள்ளை வாழும் எண்டா நான் யோசிப்பன். சிலவேளை குடுப்பன். ஆனா டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை. நாங்க அதைக் கேக்கவும் இல்லை. முதல் அதைக் கேப்பம்."

நீ இவ்வளவு புத்தகம் பார்த்தாய். கேட்கவேண்டிய கேள்வி அவளுடைய வாயிலிருந்து வந்தது. அதை நீ பிறகு எத்தனையோ தரம் எனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய்.

மறுநாள் இருவரும் போய் அந்த டொக்டரிடமும், பிறகு இருதய டொக்டரிடமும் அதையே கேட்டீர்கள். பிள்ளை வெளியே வந்து பிழைக்கக்கூடிய காலம்வரை இந்த இருதயம் தாக்குப்பிடிக்குமா? உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, ஆனால் இப்போதே அது தளர்ந்துகொண்டு வருகிறது, அவ்வளவு காலம் போகும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, பெரும்பாலும் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போவார்கள் என்றார்கள். வேறு மருந்து, வேறு வழி எல்லாம் கேட்டாய். அவர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

இதற்கிடையில் எங்கள் ஜெபக் குழுவிலிருந்து ஒரு அக்கா உங்கள் வீட்டுக்கு வந்தாள். கெட்ட மனம் இல்லை அவளுக்கு. ஷாமினியின் கையைப் பிடித்து, "விசுவாசம் இருந்தா ஆண்டவர் ரெண்டு பேரையும் காப்பாத்துவார் மகள். டொக்டர்மார் சொல்லுறதெல்லாம் நடக்கிறதில்லை" என்றாள். நீ வாயைத் திறக்கப் போனாய். ஷாமினி முந்திக்கொண்டு, "காப்பாத்த ஏலும் அக்கா, எனக்கு அதில சந்தேகமில்லை. ஆனா காப்பாத்துங்கோ பாப்பம் எண்டு சொல்லி அவருக்கு முன்னால நிக்க நான் ஆர்?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு அந்த அக்காவுக்குத் தேத்தண்ணி போடச் சொன்னாள். போகும்போது அவள் ஷாமினியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனாள்.

சுவாமியிடம் நீ போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அவர் நீ சொன்னதை எல்லாம் கேட்டார். "தம்பி, இதைச் செய்யலாம் எண்டு என்னால சொல்லேலாது. திருச்சபை எனக்கு அந்த வார்த்தையைத் தரேல்லை" என்றார். நீ தலையைக் குனிந்தாய். "அவவைச் சாக விடும் எண்டும் என்னால சொல்லேலாது. ரெண்டு பேரும் போவினம் எண்டு தெரிஞ்சா என்ன செய்யவேணும் எண்டு எங்கட அறிஞர்களுக்குள்ளயே ஒரு மனம் இல்லை. நான் பொய் சொல்லி உம்மைத் தேற்றமாட்டன். ஆனா எந்த நாள், எந்த வார்ட் எண்டு சொல்லும். நான் வந்து வெளியில இருப்பன்." அவர் சொன்னபடியே வந்தார். வார்டுக்கு வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்து செபமாலை உருட்டினார்.

முடிவை ஷாமினிதான் எடுத்தாள். ஆஷாவுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். "என்னால ரெண்டு பேரையும் காப்பாத்த ஏலாது. ஒருத்தரையும் காப்பாத்தாம விடுறது கடவுளுக்குப் பிரியம் எண்டு நான் நம்பேல்லை. நான் போறன்" என்றாள். நீ அதை ஏற்றுக்கொண்டாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன் மனம் முழுதாகச் சமாதானப்படவில்லை என்பது மட்டும் தெரியும். ஆனால் நீ, "நானும் உம்மோட வாறன். வாசல் வரைக்கும் இல்லை, உள்ளுக்கு விடுற இடம் வரைக்கும் வாறன்" என்றாய். உன் சந்தேகத்தை அவள் தலையில் வைக்காமல் உன் கையிலேயே வைத்துக்கொண்டு கூடப் போனாய். அவள் உனக்காகத் தன் தெளிவை மறைக்கவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு மனச்சாட்சி, ஒன்று மற்றதை அடக்காமல் இருந்ததை நான் அந்த நாட்களில்தான் கண்டேன்.

வார்டில் நடந்த ஒன்றையும் எழுத வேண்டும். எல்லாம் முடிந்து ஷாமினி கண் மூடிக் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை, தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறவள். எங்கேயோ எதையோ வாங்கிக் குடித்துக் கருவைக் கலைத்து, இரத்தம் நிற்காமல் வந்து சேர்ந்திருந்தாள். பார்க்க வர ஆளில்லை. பொலிஸ் வருமோ என்ற பயத்தில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ ஷாமினிக்காகக் கொண்டுவந்த பிளாஸ்கைத் திறக்கும்போது அந்தப் பிள்ளை உன்னைக் கேட்டாள். உன் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்திருக்க வேண்டும். "அண்ணே, நீங்க வேதக்காரவங்களா? நான் செஞ்சதுக்குச் சாமி என்னைய மன்னிக்குமாங்க?"

கருக்கலைப்புப் பிழை என்று நினைக்கிறவன் நீ. அன்று உன் சொந்தப் பிள்ளையை இழந்து நின்றவன். அந்தக் கேள்விக்கு எவ்வளவோ பெரிய பதில்கள் உனக்குத் தெரியும். நீ பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணியை ஊற்றி ஆற்றி அவளிடம் கொடுத்து, "முதல் இதைக் குடி தங்கச்சி" என்றாய். அவள் குடித்து முடிக்கும்வரை அருகில் நின்றாய். பிறகு, "மன்னிப்பார். அதில நீ பயப்பிடாதை. உன்னை இப்பிடித் தனிய விட்ட ஆக்களுக்குத்தான் கன கேள்வி இருக்கும்" என்றாய். ஷாமினி கண்ணைத் திறக்காமலே தன் கையை நீட்டி அந்தப் பிள்ளையின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் நித்திரை என்று நினைத்திருந்தேன்.

அடுத்த கிழமை நீ சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாய். ஷாமினிக்கு அது மனதில் குத்தியது. கார் வெளியே நிற்க, நான் பின் ஆசனத்தில் ஆஷாவை மடியில் வைத்திருந்தேன். நீ வந்து ஏறியதும் ஷாமினி கேட்டாள்: "என்ன சொன்னீங்க? நான் கொலை செய்தனான் எண்டு சொன்னீங்களோ? எனக்குத் துக்கம் இருக்கு. அது பாவம் எண்டு எனக்குத் தெரியேல்லை. என்ட பேரில நீங்க மன்னிப்புக் கேக்கவேண்டாம்."

நீ ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து அவள் பக்கம் திரும்பினாய். "உம்மைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை" என்றாய். "டொக்டர் வெளியில வந்து நீர் பிழைச்சிட்டீர் எண்டு சொன்னவுடன எனக்கு வந்த சந்தோசம்... எங்கட பிள்ளை போய் ஒரு மணித்தியாலம் கூட இல்லை. எனக்குச் சந்தோசம் மட்டும்தான் இருந்தது. அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டனான்."

"சுவாமி என்ன சொன்னவர்?"

"அதுக்கு மன்னிப்பு வேண்டாம் எண்டார்."

அவள் உன் தோளில் சாய்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழவில்லை. அதன் பிறகு பிறக்காமல் போன உங்கள் பிள்ளைக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னாய். "இந்தப் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைக்காக" என்று மட்டும் சுவாமி வாசித்தார். ஷாமினி உனக்கும் எனக்கும் நடுவில் முழந்தாளில் இருந்தாள். அடுத்த ஞாயிறு அவளுடைய கோயிலிலும் போதகர் ஜெபித்தார். அங்கே நீயும் நானும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றோம்.

எனக்கு இதில் இன்னும் விளங்காதது நிறைய இருக்கிறது. ஷாமினி செய்தது திருச்சபை தடுத்ததற்குள் வருமா வராதா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நான் வகுப்பில் சொன்ன படிப்பினை பிழை என்றும் எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால் உங்கள் இருவரையும் பார்த்த பிறகுதான் அதன் பாரம் எனக்குத் தெரிந்தது. கரு ஒரு பொருட்டில்லை என்று நினைத்திருந்தால் உங்களுக்கு அவ்வளவு வேதனை வந்திருக்காது. தாயின் உயிர் ஒரு பொருட்டில்லை என்று நினைத்திருந்தாலும் வந்திருக்காது. இரண்டையும் முழு நிறையோடு பிடித்துக்கொண்டீர்கள். அதைத் தாங்கத் தெரிந்தவனுக்குத் தகுதி இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கும்? எல்லாம் தெரிந்த அதே சுவாமிதான் போன ஞாயிறு உன்னைத் தேடி வந்து கேட்டார் என்பதையும் யோசித்துப் பார்.

நீ என்ன படிப்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருச்சபை சொல்வதைச் சொல், குறைக்காமல் சொல். அது உனக்கு எங்கே கடினமாக இருந்தது என்பதையும் சொல். ஷாமினியின் கோயிலில் வேறு விதமாகப் பார்க்கிறார்கள் என்பதை மரியாதையோடு சொல். ஒரு பிள்ளை தனியாக வந்து அழுதால் முதலில் தேத்தண்ணி கொடு. அந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் யாருக்கு எப்போது என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியாது. வருகிற நேரத்தில் அவர்களுக்கு ஒரு முகம் நினைவில் இருக்க வேண்டும், யாரிடம் போகலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். என் முகம் இனிக் கன காலத்துக்கு இராது. முழங்கால் அந்தப் படிகளை ஏற விடுகிறதில்லை, பின் வரிசையில் பேசுவதும் எனக்குக் கேட்பதில்லை.

நேற்றைய வகுப்பில், அடுத்த மாதம் கல்யாணம் கட்டப்போகிற ஒரு பிள்ளை எழும்பினாள். மீன் சந்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, கெட்டிக்காரி. "டீச்சர், தாயோ பிள்ளையோ எண்டு ஒரு நிலை வந்தா நாங்க என்ன செய்யவேணும்?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த அவளுடைய ஆள் நிலத்தைப் பார்த்தான். வழக்கமாக நான் அதற்கு இரண்டு வசனத்தில் பதில் சொல்லிவிடுவேன். நேற்று என்னால் முடியவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேறு இரண்டு பேர் அடுத்த சனிக்கிழமை வருவார்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் சொன்னது சரியோ தெரியாது. ஷாமினியை மட்டும் கேட்டேன். தான் வருவதாகச் சொல்லிவிட்டாள், ஆஷாவை என்னிடம் விட்டுவிட்டு மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் போவாளாம். நீ வராவிட்டாலும் தான் கதைப்பாளாம். ஆனால் திருச்சபையின் பக்கத்தைச் சொல்ல உன்னைவிட நல்ல ஆள் இல்லை என்றும், அது இல்லாமல் தன் பக்கத்தை மட்டும் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்குப் பாதிதான் கிடைக்கும் என்றும் சொல்லச் சொன்னாள். முன்னால் இரண்டு கதிரை போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா